விழாத பிள்ளை

“பேத்தி எங்கப்பா? நெய்ப்பந்தம் புடிக்க ஆளில்லாம பாடைய எப்டித் தூக்குறது?”

பங்காளி சிங்காரவேலு வாசலில் நின்று கத்தியபோது பச்சமுத்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

பேத்தி பிருந்தா வீட்டில் இல்லை. காலையில் பாட்டியின் பிணத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, “ஆயா ஏந்துரு, பசிக்குது” என்று சுந்தராம்பாளின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். பார்த்தவர்கள் ஓவென்று அழுதார்கள். மகள் ரஞ்சனி மட்டும் அழாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், திருவண்ணாமலை ரோட்டில் புதிதாக வந்திருக்கும் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு வந்தாள்.

“நீ ஏன் நைனா போற? யாரையாவது அனுப்பு.”

“நானே போறேன். அந்த எடம் எப்டின்னு பாக்கணும்.”

ரஞ்சனி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். “அம்மா இருந்தவரைக்கும் கவலையில்ல. இனிமே அங்க வுட்டாத்தான் நான் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போவ முடியும். நீ வேணான்னா வேலைய வுட்டுர்றேன். ஆனா பாக்காமலே வேணான்னு சொல்லாத.”

பொண்டாட்டி செத்துக் கிடக்கையில் புருஷன்காரன் ரோட்டுக்குப் போகிறானே என்று ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்த முகத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டா இருப்பார்?

பச்சமுத்து யாரையும் நம்பினவர் இல்லை. நெல் மண்டியில் மூட்டை தூக்கிய காலத்தில் தராசையே நம்பமாட்டார். ரஞ்சனியை முதல்முதலாகப் பால்வாடியில் விட்ட அன்று, வேலைக்குப் போகாமல் பின்பக்கச் சன்னலுக்கு அடியில் குந்திக்கொண்டார். போலீசைக் கூப்பிடுவேன் என்றாள் டீச்சர். சுந்தராம்பாள்தான் ஓடி வந்து இழுத்துப் போனாள்.

“கண்ணால பாத்து இன்னாத்தக் கண்டுபுடிப்ப? நீ பாக்கும்போது எல்லாரும் நல்லவங்கதான். புள்ள வூட்டுக்கு வரட்டும், நான் சொல்றேன்.”

சாயங்காலம் ரஞ்சனியின் உச்சந்தலையில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். “பாத்துக்குறவ இடுப்புல வச்சிருந்திருக்கா. வேர்வையும் வெத்தலையும் வீசுது. கீழயே போட்டு வச்சிருந்தா மண்ணுதான் வீசும்.”

“நீ இன்னா நாயாடி?” என்று கேட்டார். அதற்கு அவள் சோறு வடிக்கும்வரை சிரித்தாள். அதற்கப்புறம் அவர் சன்னல் பக்கம் போகவில்லை.

காப்பகத்துச் சுவரெல்லாம் யானையும் ஒட்டகச்சிவிங்கியும். மூலைக்கு மூலை கேமரா. நடத்துகிற வேதநாயகி நாற்காலி இழுத்துப் போட்டாள். சாவு வீட்டுக்காரர் என்பதால் குரலை மெத்தென்று வைத்துக்கொண்டாள்.

“எங்ககிட்ட சேஃப்டிதாங்கய்யா முக்கியம். ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு கொழந்தகூட கீழ விழுந்ததில்ல.”

“ஒரு புள்ளகூடவா?”

“ஒண்ணுகூட.”

“அப்ப புள்ளைங்களக் கட்டி வச்சிருக்க. இல்லன்னா பொய் சொல்ற. விழாத புள்ள எந்த ஊர்ல இருக்குது?”

அவள் முகம் சுருங்கியது. “வேணும்னா கேமராவுல பாருங்க.”

“புள்ள விழுந்தா அதுவா வந்து தூக்கும்?”

அதற்குள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாக்கண்ணு பிருந்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை நல்ல தூக்கம். முட்டியில் மஞ்சள் அப்பியிருந்தது.

“இது இன்னா?”

வேதநாயகி முறைத்தாள். அம்மாக்கண்ணு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

“உழுந்துட்டா பெரியவரே. ஆயாகிட்டப் போறேன்னு வாசக்கேட்டத் தொறந்துக்கினு ஓடுனா. நான் இன்னொண்ணுக்குச் சோறு ஊட்டிக்கினு இருந்தேன். ஓடிப் புடிக்கறதுக்குள்ள படியில உழுந்துட்டா. கழுவி மஞ்ச வச்சேன். தாழ்ப்பா புள்ளைங்க கைக்கு எட்டுது, மேல ஏத்திப் போடுங்கன்னு அம்மாகிட்ட சொல்லிக்கினுதான் இருக்கேன்.”

“அம்மாக்கண்ணு!”

“அவள ஏம்மா அதட்டுற? தாழ்ப்பாள ஏத்துற வழியப் பாரு.”

பச்சமுத்து பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். தன்னையறியாமல் மூக்கு உச்சந்தலைக்குப் போனது. வேர்வை. வெற்றிலை. புகையிலைகூடக் கொஞ்சம். அதற்கும் அடியில், நேற்று சுந்தராம்பாள் தேய்த்து ஊற்றிய சீயக்காய்.

அப்படியே நின்றுவிட்டார்.

“நாத்தமா இருக்குதா பெரியவரே? தண்ணி தொட்டுத் தலைய தொடச்சி வுடட்டா?”

“வேணாம்!” தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது.

அம்மாக்கண்ணு பயந்து இரண்டடி பின்னால் போனாள். பிறகு பிள்ளையின் செருப்பை எடுத்துக்கொண்டாள். “சாவு வூட்ல ஆளுக்கொரு வேலையா இருப்பாங்க. நானும் வந்து பாத்துக்குறேன்.” வேதநாயகி வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டில் எல்லாம் தயாராக இருந்தது. குச்சி நுனியில் துணி சுற்றி நெய்யில் தோய்த்துக் கொளுத்திக் கொடுத்தார்கள். பிருந்தாவின் கைமேல் பச்சமுத்து தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு பாடையைச் சுற்றி வந்தார். பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்த பிள்ளை நெருப்பைப் பார்த்தது. மாலையைப் பார்த்தது. சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தது.

“ஆயாவுக்குப் பொறந்த நாளா தாத்தா? ஊதட்டா?”

பச்சமுத்து பந்தத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். “ஊதாதம்மா” என்று மட்டும் சொன்னார்.

பாடையைத் தூக்கினார்கள். மேளம் எழும்பியது. தெருமுனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். ரஞ்சனி அழுது வீங்கிய கண்ணோடு அவரைப் பார்த்தாள்.

“அந்த எடத்து அம்மா பொய் சொல்லுது,” என்றார். பிறகு, திரும்பத் தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளிலிருந்து எடுத்து அம்மாக்கண்ணுவிடம் கொடுத்தார். “இவ சொல்லல. கருமாதி முடிஞ்சதும் நீ வேலைக்குப் போ.”

மேளக்காரர்கள் கோட்டையடிச் சுடுகாட்டுப் பக்கம் திரும்பினார்கள். பச்சமுத்து பாடைக்குப் பின்னால் நடந்தார். தோளில் பிள்ளை வடித்த எச்சில் வட்டமாக ஊறியிருந்தது. அத்தனை வெயிலிலும் அது சீக்கிரத்தில் காயவில்லை.