தீர்மானத்துக்கு முந்திக்கொண்ட குரல்

தல் ரும்மான் நகரசபை வியாழக்கிழமைதோறும் மதியத் தொழுகைக்குப் பிறகு, கோதுமைச் சந்தைக்கு மேலிருந்த மாடியறையில் கூடும். சுல்தானின் பெயரால் கூடுகிற சபைதான் என்றாலும் பேச்சு முழுக்கத் தெருநாய், சாக்கடை, இடிந்த மதில் என்றே போகும். அங்கே முடிவானதை ஊருக்குச் சொல்வது சர்ஹானின் வேலை. தண்டோராக்காரன் என்று பெயரே தவிர, தம்பட்டம் எதுவும் அவனிடம் கிடையாது. தொண்டை மட்டும்தான். சந்தை முனையில் நின்று "ஊராரே, கேட்டுக்கோங்க!" என்று அவன் எடுத்தால், ஆற்றின் அக்கரையில் துணி துவைக்கிற பெண்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்தக் குரலைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வியாழக்கிழமை கசாப்புக்கடைகளைப் பற்றிச் சண்டை. கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சர்ஹானுக்கு எல்லாம் கேட்டது.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டே தொழப் போக வேண்டியிருக்கு. தெரு பூரா குடல்" என்றார் தலைவர் ஷவ்கத் எஃபெந்தி.

"கறி உங்க வீட்டுக்கு வர்றப்ப மட்டும் மணக்குதாக்கும்" என்றார் கசாப்புக்காரர்கள் சார்பில் சபையில் இருந்த அபூ தாஹிர்.

மருந்துக்கடை மித்ரி நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். வெகுநேரம் இழுத்து, கடைகளை எல்லாம் பாலத்துக்குக் கீழே மாற்றுவது என்று முடிவாயிற்று. சர்ஹானைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவன் படியிறங்கிச் சந்தை முனைக்குப் போய் மூச்சை இழுத்துக் குரலெடுத்தான்.

அவித்த மொச்சை விற்கும் ஹம்தான் சிரித்தான். "என்னப்பா, கசாப்புக்கடை பாலத்துக்குக் கீழேன்னு அப்பவே சொல்லிட்டுப் போனியே. தொண்டை அரிக்குதா?"

"எப்ப சொன்னேன்? இப்பத்தானே இறங்கி வர்றேன்!"

"நல்லா இருக்கே! நான் அடுப்பு மூட்டறப்ப சொன்னே. அங்க பாரு, கத்தி கட்டையெல்லாம் தூக்கிட்டுப் போயிட்டு இருக்காங்க."

உண்மைதான். கசாப்புக்காரர்கள் கழுதை மேல் கறி வெட்டும் மரமுட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஹம்தான் அடுப்பு மூட்டிய நேரத்தில் மாடியில் சண்டையே தொடங்கியிருக்கவில்லை.

தலைவருக்கு இது பிடிக்கவில்லை. கூட்டத்துக்கு முன்பே யாரோ பேசிவைத்து, இவனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தார். அதனால் அடுத்த கூட்டத்தில் சர்ஹானை உள்ளேயே நிறுத்திக் கதவைச் சாத்தச் சொன்னார். "என் கண்ணு முன்னாடியே நில்லு. வாயைத் திறக்காதே."

அன்றைக்குப் பேச வேண்டியது ஒரு தெருவிளக்கைப் பற்றி. குளியல்கூடத்துக்கு எதிரே நடுவதா, தேவாலய வாசலிலா? மித்ரி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்குவதற்குள் சன்னலுக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"ஊராரே, கேட்டுக்கோங்க! புது விளக்கு தேவாலய வாசலுக்கு! சபையோட உத்தரவு!"

சர்ஹானின் குரல். "உத்தரவு" என்பதை அவன் இழுக்கும் அதே இழுப்பு. எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். உதடுகள் ஒட்டிக்கொண்டு, நெற்றி வியர்க்க, அவன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

"வாயைத் திற" என்றார் தலைவர். திறந்தான். கீழே குரல் தன்பாட்டுக்கு இன்னொரு முறை சொல்லி முடித்தது.

வாசலில் காவல் நின்ற சிப்பாயை ஓடவிட்டார்கள். அவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "கோதுமைச் சந்தைக்காரங்க, செம்புக்கொல்லர் தெருவில கேட்டுச்சுங்கறாங்க. கொல்லருங்களைக் கேட்டா, சந்தையிலதான் கேட்டுச்சாம். ஆளை யாரும் பார்க்கலை, எஃபெந்தி."

மித்ரி சிலுவை போட்டுக்கொண்டார். ஷவ்கத் எஃபெந்தி மேசையில் ஓங்கிக் குத்தினார். "எவனோ கத்தினா அதுக்கு நாம ஆடணுமா? விளக்கு குளியல்கூடத்துக்குத்தான். எழுதுங்க."

ஆனால் எழுத முடியவில்லை. குளியல்கூடத்து நீராவி பட்டால் கண்ணாடி வெடிக்கும் என்றார் ஒருவர். அங்கே கம்பம் நட்டால் ஒட்டக வண்டி திரும்பாது என்றார் அபூ தாஹிர். தலைவரே ஒரு கட்டத்தில், "அதுவும் சரிதான்" என்று முனகினார். கை தூக்கியபோது தேவாலய வாசல்தான் வென்றது. எதிர்த்துக் கை தூக்கியவர், அந்தத் தேவாலயத்துக்கே போகிற மித்ரி ஒருவர்தான்.

அதற்குப் பிறகு சபையின் குணமே மாறிவிட்டது. முதலில் பயந்தார்கள். அப்புறம் பழகிக்கொண்டார்கள். நாளடைவில் யாரும் வாதாடுவதையே விட்டுவிட்டார்கள். வந்து உட்காருவார்கள், காபி குடிப்பார்கள், சன்னலைப் பார்த்துக் காது கொடுப்பார்கள். குரல் வந்து எந்த மதிலை இடிப்பது, எந்தக் கிணற்றை மூடுவது என்று சொல்லும். செயலாளர் எழுத, தலைவர் முத்திரை குத்துவார். ஒருநாள் குரல் வரத் தாமதமானபோது, அடுத்த தெருவில் நபிபுகழ் ஓதும் மௌலூது விருந்துக்குப் போவதா வேண்டாமா என்றுகூட முடிவு செய்யத் தெரியாமல் அவர்கள் உட்கார்ந்திருந்ததைச் சர்ஹான் பார்த்தான். குரலை விட, அந்த முகங்களைப் பார்த்துத்தான் அவனுக்கு அதிகம் குலை நடுங்கியது.

ஆலிவ் பறிப்பு தொடங்கிய சமயம் ஒரு நாள் குரல் இப்படிச் சொன்னது:

"ஊராரே, கேட்டுக்கோங்க! நகரசபைக்குத் தண்டோராக்காரன் தேவை! தொண்டை உள்ளவன் அடுத்த வியாழன் வரலாம்!"

அறையில் ஒருவரும் சர்ஹானை நிமிர்ந்து பார்க்கவில்லை. செயலாளரின் பேனா கிறீச்சிடுவது மட்டும் கேட்டது.

வீட்டில் அவன் மனைவி நஸ்ஹா அழுதுகொண்டே சண்டை போட்டாள். "போகாதீங்க. எங்க அண்ணன் ஊருக்குப் போயிடலாம். அது சொன்னது எது நடக்காம இருந்திருக்கு?"

"அதான் சொல்றேன். தேவைன்னு சொல்லிடுச்சு, அப்ப இந்த இடம் காலியாகித்தான் தீரும்" என்றான் சர்ஹான். "நான் செத்தாத்தான் காலியாகணும்னு அது சொல்லலையே. நானே காலி பண்ணிட்டுப் போயிடறேன்."

வியாழக்கிழமை குளித்து, நல்ல அங்கி போட்டுக்கொண்டு சபைக்கு முன்னால் போய் நின்றான். "எஃபெந்திமாரே, எனக்கு வயசாச்சு. என்னை விட்டுடுங்க."

தலைவர் நீளமாக மூச்சு விட்டார். "உன் ஜனாஸாவுக்கு யார் யார் தோள் கொடுக்கறதுன்னுகூடப் பேசிட்டோம், சர்ஹான். நல்ல வேளை" என்றார். அவர் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

வேலைக்கு வந்திருந்தவன் தீப் என்கிற கழுதைக்காரன். மண் உலர்ந்த வாய்க்கால் மாதிரி கரகரத்த குரல். வேறு ஆள் இல்லாததால் அவனையே எடுத்துக்கொண்டார்கள். அன்றைய உத்தரவைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் எதுவும் தெரியவில்லை. "கீழே போ. போனா வரும்" என்றார் செயலாளர்.

தீப் சிரித்துக்கொண்டே படியிறங்கினான். சன்னல் வழியாக எல்லாரும் பார்த்தார்கள். சந்தை முனையில் நின்றான், வாயைத் திறந்தான்.

"ஊராரே, கேட்டுக்கோங்க!"

சர்ஹானின் குரல், அக்கரை வரைக்கும் போயிற்று. தீப்பின் கண்கள் பிதுங்கின. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினான். விரல்களுக்கிடையிலும் அது தெளிவாகவே வந்துகொண்டிருந்தது.

மாடியில் சர்ஹான் "யா அல்லாஹ்" என்று சொல்லப் பார்த்தான். காற்றுதான் வந்தது.

சபைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷவ்கத் எஃபெந்தி நெடுநாளுக்குப் பிறகு புன்னகை செய்து காபி கொண்டுவரச் சொன்னார். குரலுக்கு ஓர் உடம்பு கிடைத்துவிட்டது. இனி ஊரார் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சர்ஹான் பிழைத்துக்கொண்டான். ஆற்றோரம் வெங்காயம் போட்டான். நஸ்ஹாவிடம் காதருகே மூச்சாகத்தான் பேச முடியும். அவள் அதற்குப் பழகிக்கொண்டு, ராத்திரி விளக்கை அணைத்த பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மூச்சைக் கேட்கக் கற்றுக்கொண்டாள்.

மழைக்காலம் பிறந்ததும் தீப் ஒரு காலையில் வெங்காயப் பாத்திக்கு வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"அண்ணே, உன் குரலைத் திருப்பி எடுத்துக்கோண்ணே" என்றான் தன் சொந்தக் கரகரப்பில். "போன வியாழன் என் தங்கச்சி வீட்டை இடிக்கச் சொல்லி நானே கத்தினேன். அவ வாசல்ல நின்னு என்னையே பார்த்துக்கிட்டிருந்தா."

சர்ஹான் மண்வெட்டியைக் கீழே வைத்தான். எடுத்துக்கொள்கிறேன் என்று தலையசைக்க ஒரு கணம் போதும். ஆனால் தலை அசையவில்லை. பாத்தி ஓரத்தில் தீப்பை உட்காரவைத்து, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவன் கையில் கொடுத்தான். தீப் அதைத் தின்னாமல் வைத்துக்கொண்டே அழுதான். பிறகு எழுந்து சந்தைப் பக்கமாக நடந்தான். அன்று வியாழக்கிழமை.