பம்பரில் வெள்ளை

மூன்றாம் நாள் காலையும் வெள்ளை திரும்ப வந்திருந்தது. காரின் பின்பக்க பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக்கில், கதவுக் கைப்பிடியின் குழியில், கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரில், நம்பர் பிளேட்டின் திருகு இடுக்கில். நேற்று சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்து, குனிந்து, நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை குனிந்து, காக்கையே பொறாமைப்படும்படி கறுப்பாக்கிவிட்டுத்தான் புரூஃப்காரர் உள்ளே போனார். இப்போது பார்த்தால் யாரோ விரலில் சுண்ணாம்பைத் தொட்டுத் தடவிய மாதிரி இருக்கிறது.

அச்சகத்தில் முப்பத்தாறு வருஷம் பிழை திருத்தியதால் தெருவுக்கே அவர் புரூஃப்காரர். அவர் கண்ணுக்குத் தப்பிய ஒற்றெழுத்து இன்னும் பிறக்கவில்லை. தனக்கு வந்த காதல் கடிதத்தையே சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியவர். எழுதியவளையே கட்டிக்கொண்டதால்தான் கதை வெளியே வந்தது.

அப்பேர்ப்பட்டவர் போன மாதம் மார்க்கெட்டுக்குக் காரில் போய், இரண்டு பைகளோடு வேர்க்க விறுவிறுக்க நடந்து வீடு வந்து சேர்ந்தார். கார் மார்க்கெட்டிலேயே நின்றது. உடற்பயிற்சி என்று சமாளித்துப் பார்த்தார். மகளிடம் அது எடுபடவில்லை. இந்த வாரம் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை வரேன்ப்பா. சாவிய என்கிட்ட குடுத்துடுங்க. இனிமே உங்களால அதப் பாத்துக்க முடியாது.”

பாத்துக்க முடியாதா? அன்றே கடைக்குப் போய் ஒரு டப்பா மெழுகு பாலிஷ் வாங்கி வந்தார். ஒரு கதவுக்குப் பட்டாணி அளவு போதும் என்று டப்பாவில் போட்டிருந்தது. அச்சுப்பிழை என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டு, ஒரு கப்பலுக்குக் காணும்படி அள்ளிப் பூசினார். வண்டி பளபளத்தது என்னவோ உண்மை. தெருவில் போனவர்கள் நின்று தலை சீவிக்கொண்டு போனார்கள். ஆனால் துணி நுழையாத சந்து பொந்திலெல்லாம் மெழுகு போய் உட்கார்ந்துகொண்டது. துடைத்தால் போகிறது, விடிந்தால் வந்து நிற்கிறது.

“என்ன சார், வண்டிக்கும் நரை விழுந்துடுச்சா? டை அடிச்சு விடுங்க,” என்றார் பக்கத்து வீட்டு டிரைவர், பல் தேய்த்தபடியே.

புரூஃப்காரர் சிரித்து வைத்தார். ஒன்று, எவனோ தினமும் வந்து பூசிவிட்டுப் போகிறான். எவனுக்கு வேறு வேலை இல்லை? இல்லையென்றால், நேற்று அவர் துடைக்கவே இல்லை. துடைத்ததாக நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். முந்தாநாளும் அப்படித்தான். அப்படியென்றால் சாயங்காலம் வலித்த இடுப்பு யாருடையது? மகள் நாளைக்கு வருகிறாள். பம்பரை ஒரு பார்வை பார்ப்பாள், அப்புறம் அவரைப் பார்ப்பாள். அவ்வளவுதான், சாவிக்குக் கையை நீட்டிவிடுவாள்.

ஒரு முடிவுக்கு வந்தார். வாளியும் துணியுமாக மறுபடி எல்லா இடுக்கையும் துடைத்தார். பிளாஸ்டிக் நாற்காலியை பம்பருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை, தும்மல்கூட போடவில்லை. வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. அவர் கண்ணெதிரே, பட்டப்பகலில், கறுப்பு சாம்பலாகி, சாம்பல் மெல்ல வெள்ளையானது. நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தார், கறுப்பு. வாயால் ஊதிக் காயவைத்தார், வெள்ளை. மெழுகு போகவே இல்லை. ஈரம் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்! எவனும் வரவில்லை, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருபது வயசு குறைந்துபோய் சமையலறைக்கு ஓடினார்.

“ஏய், இங்க வா! கண்டுபிடிச்சிட்டேன். ஈரமா இருந்தா தெரியாது, காஞ்சா வெளிய வரும். நான் ஒழுங்காத்தான் தொடச்சிருக்கேன்!”

மனைவி அடுப்பை அணைத்தாள். “அதத்தான் நேத்தே சொன்னீங்களே.”

“யாரு?”

“நீங்கதான். இதே மாதிரி ஓடி வந்தீங்க. பென்சில் ரப்பர் போட்டுத் தேச்சா உருண்டு வந்துடும்னும் சொன்னீங்க.”

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அழிரப்பர் இருந்தது. அது என்றைக்குத்தான் இல்லை? அச்சக நாளிலிருந்து அவர் பையில் குடியிருக்கிற பொருள். அவள் முகத்தைப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. ஓய்வு பெற்ற அன்று, “அடுத்த மாசம் இவர் சர்க்கஸ்ல சேர்றார்” என்று அவள் இதே முகத்தோடு சொல்லப்போய், இரண்டு உறவினர்கள் டிக்கெட் கேட்டுப் போன் பண்ணினார்கள்.

“விளையாடாத. நாளைக்கு அவ வரா.”

“நான் எப்பங்க விளையாடியிருக்கேன்? குடுங்க அத.”

ரப்பரையும் ஒரு பழைய டூத் பிரஷையும் எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள். அவர் பின்னாலேயே போனார். நேற்று என்ன கிழமை என்று யோசித்தார், தெரிந்தது. நேற்று என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தார், அதுவும் தெரிந்தது. நேற்று சமையலறைக்கு ஓடினோமா? ஓடிய மாதிரியும் இருந்தது, இப்போது ஓடியதைத்தான் நேற்று என்று நினைக்கிறோமோ என்றும் இருந்தது.

“நிஜமாவே சொன்னேனா?”

பின்கதவைத் திறந்து, அதன் விளிம்பு ரப்பருக்குள் தலையை விட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். முதுகு மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. தோள்கள் குலுங்கின. அழுத்தித் தேய்க்கிறாளா, சிரிக்கிறாளா என்று பார்க்க அவர் இடப்பக்கம் போனார். அவள் வலப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.