4414 எடுக்கவில்லை

"லீவரை இழுங்க. போனை வால்வு பக்கமா நீட்டுங்க. மூஞ்சியை நீட்டிடாதீங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மறுமுனையில் ஓர் ஆஸ்பத்திரியின் பாய்லர் ஆபரேட்டர்.

பாய்லருக்குள் நீராவி அளவு மீறினால் தானே திறந்து வெளியேற்றிவிடுகிற சேஃப்டி வால்வுகளை அந்தச் சின்னப் பட்டறையில் அக்காவும் தம்பியுமாகச் செய்து, சோதித்து, விற்றார்கள். வாங்கியவர் அதைப் பொருத்தியதும் போன் செய்து, லீவரை இழுத்துச் சத்தத்தைக் கேட்கவைக்க வேண்டும். சர்டிபிகேட்டின் முதல் பக்கம் அக்காவின் கையெழுத்தோடு வால்வுடனேயே போகும்; சத்தத்தைக் கேட்ட பிறகுதான் இரண்டாம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவாள். பாய்லர்காரர்கள் அவளுக்குக் காதுக்காரம்மா என்று பேர் வைத்திருந்தார்கள்.

நல்ல வால்வு பட்டென்று திறக்கும், ஒரே மூச்சில் ஊதும், பட்டென்று மூடும். இது சளி பிடித்தவன் மாதிரி இருமியது.

"மறுபடியும் இழுங்க."

"என்னம்மா, பாட்டா கேக்கறீங்க?"

"இழுங்க."

மறுபடியும் இருமல். மூடிய பிறகும் ஒரு சீறல் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"பாய்லரை அணைச்சிடுங்க. இது எங்க வால்வு இல்ல."

"நல்லா இருக்கே கதை. நீங்க கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டைக் கையில வச்சுக்கிட்டுப் பேசறேன். நம்பர் 4417. முதல் பக்கம், ரெண்டாம் பக்கம், எல்லாம் இருக்கு."

அக்கா பதிவேட்டைத் திருப்பினாள். அவள் கடைசியாகக் கொடுத்த எண் 4412. மூன்று வாரமாகிறது. அதற்கு எதிரே அவளே பென்சிலால் எழுதியிருந்தாள்: இன்னும் போன் வரவில்லை.

"சத்தமே கேக்காம ரெண்டாம் பக்கம் எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"இப்பத்தான் போன் பண்ணத் தேவையில்லைன்னு மாத்திட்டீங்களே. சைட்ல நம்பரைத் தட்டினா இறங்கிடுதே. முந்தி வேலை பார்த்த இடத்துல உங்க வால்வு, அந்தப் பழக்கத்துல கூப்பிட்டேன். பழைய போன்ல நம்பர் இருந்துச்சு."

"எந்த சைட்டு?"

அவர் எழுத்தெழுத்தாகப் படித்தார், பாய்லரை அணைத்துவிட்டுத்தான் போனை வைத்தார். அக்கா அதை அப்படியே ஒரு துண்டுத் தாளில் எழுதி, கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்ற தம்பியிடம் நீட்டினாள். அவன் மோட்டாரை நிறுத்தினான்.

"பேரு நம்மதுக்கா. புள்ளிக்கு அப்புறம் வர்றதுதான் வேற."

"தலை நம்மது, வாலு எவனோடதோ. அந்த வாலும் நம்மகிட்ட இருந்துச்சே?"

"போன வருஷம் பணம் கட்டாம விட்டுட்டோம். ஒரு வீட்டுக்கு ரெண்டு வாசல் எதுக்குன்னு நீதானே சொன்னே?"

"இத்தனை வருஷத்துல நான் சொன்னது ஆயிரம். இது ஒண்ணைத்தான் கேட்டியா?"

தம்பி கம்ப்யூட்டரில் அந்த வாசலைத் திறந்தான். அவர்கள் பட்டறையின் படம், அவர்கள் வால்வின் படம், மாதிரி சர்டிபிகேட்டில் அக்காவின் கையெழுத்து. கையெழுத்துப் போடும்போது அவள் பேனா ஒருமுறை இழுத்துக்கொண்டதில் விழுந்த கீறல்கூட அப்படியே இருந்தது. விலை மட்டும் பாதி.

"4412-ஐ வாங்கினவன்தான்," என்றாள் அக்கா. "அதான் போன் பண்ணல. நம்ம சர்டிபிகேட்டோட முதல் பக்கமும் என் கையெழுத்தும் வேணும்னுதான் வாங்கியிருக்கான். நம்பரை அங்கேருந்து தொடர்ந்திருக்கான். ஆஸ்பத்திரிக்கு 4417-ன்னா, நடுவுல நாலு வால்வு எங்கேயோ பாய்லர் மேல உக்காந்திருக்கு."

"போலீஸுக்குப் போகலாம்க்கா."

"போவோம். அவங்க எழுதி முடிக்கறவரைக்கும் பாய்லர் காத்துக்கிட்டிருக்குமா? இந்தப் பேரைப் பதிவு பண்ணிக் குடுத்த கம்பெனி எதுன்னு பாரு."

பார்த்தான். போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். கால் மணி நேரம் ஒரே இசை சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு ஒரு குரல் வந்தது. தூங்கி எழுந்த குரல் போலவும் இருந்தது, மரியாதைக்குக் குறைவில்லாமலும் இருந்தது.

"புரியுது மேடம். போலி சைட்டு. புகார் எடுத்துக்கறேன். உடனே முடக்கிடலாம்."

"முடக்கக்கூடாது."

"மேடம்?"

"ஆர்டர் எல்லாம் அந்தப் பேர்ல இருக்கற மெயிலுக்குத்தானே வரும்? அந்த மெயில் எங்க இருக்கு?"

"அதுவும் எங்ககிட்டதான், அதே கணக்குல."

"முடக்கினா?"

"அதுவும் சேர்ந்து பூட்டிக்கும். விசாரணை முடிஞ்சாத்தான் திறக்கும். ரெண்டு வாரம் ஆகலாம்."

"யாருக்கெல்லாம் வித்தான்னு அதுக்குள்ளதான் இருக்கு. நாலு இடம். எங்கேன்னு எனக்குத் தெரியாது. வெடிச்சா தெரியும்."

குரல் விழித்துக்கொண்டது. "ஆனா, வேற ஒருத்தர் கணக்கை உங்களுக்குத் திறந்துவிட முடியாது மேடம். விதி அப்படி."

"யாரு அந்த வேற ஒருத்தர்? பேரைப் படிங்க."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"என்ன போட்டிருக்கு?"

"உரிமையாளர்னு... உங்க பட்டறை பேருதான் மேடம் போட்டிருக்கு. உங்க முகவரி. உங்க பேரு. மெயிலும் போன் நம்பரும் மட்டும் வேற."

திருடன் பார்க்கிறவர்கள் நம்ப வேண்டும் என்று எல்லாவற்றையும் அவளுடையதாகவே எழுதிவைத்திருந்தான். தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப நான் யாரு?"

"மேடம்..."

"உங்க காகிதத்துல உரிமையாளர் நான். என் மெயிலைத் தப்பா எழுதி வச்சிருக்கீங்க, திருத்துங்கன்னு கேக்கறேன். அதுக்கு என்ன விதி?"

"அடையாள அட்டை, பட்டறை பதிவுப் பத்திரம், கேமரா முன்னால உங்க முகம். ரெண்டு வேலை நாள்."

"ஆஸ்பத்திரி பாய்லர் இப்பத்தான் இருமிச்சு. நான் காதால கேட்டேன். ரெண்டு நாள்னு உங்க மேலதிகாரி வாயால ஒருதரம் சொல்லச் சொல்லுங்க, எழுதிக்கறேன். பேரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க."

மறுபடியும் அதே இசை. அக்கா எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுப் பெட்டியிலிருந்து பத்திரத்தை எடுத்துவந்தாள். கேமரா முன்னால் அட்டையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சிரிச்சுடாதேக்கா, போட்டோல நீ மொறைக்கறே, ஆளே வேறன்னுடுவான்," என்றான் தம்பி. நாற்பது நிமிடம் கழித்து அவர்களுடைய மெயிலுக்குப் புதுக் கடவுச்சொல் வந்தது.

ஆர்டர்கள் ஐந்தல்ல, ஆறு. ஆஸ்பத்திரிக்குப் பிறகும் ஒன்று, 4418, போயிருந்தது. ஒவ்வொன்றிலும் போன் எண் இருந்தது.

4418 இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. 4413 ஒரு சலவைக்கூடம், திட்டிக்கொண்டே அணைத்தார்கள். 4416-காரர், "விக்கறதையும் வித்துட்டு இப்ப பயமுறுத்தறீங்களா?" என்றார், அக்கா லீவரை இழுக்கச் சொன்னாள், அந்த இருமலை அவரே கேட்டபின் பேசாமல் அணைத்தார். 4415-இல் ஒரு முதியவர் இரண்டு தடவை நன்றி சொன்னார்.

4414 எடுக்கவில்லை.

"என்ன இடம்?"

"தொப்பி செய்யற கம்பெனி. முப்பது பேர் வேலை பாக்கறாங்களாம்."

"போடு."

மணி அடித்து ஓய்ந்தது.

"போடு."

"ஆறு தடவை ஆச்சுக்கா."

"ஏழாவது போடு."

ஏழாவதில் ஒரு பெண் எடுத்தாள். மேற்பார்வை பார்க்கிறவளாம். "சாப்பாட்டு நேரம்மா. போனை மேசையிலேயே வச்சுட்டுப் போயிட்டேன். யாரு?"

"பாய்லர் எரியுதா?"

"பத்தவச்சு அரை மணி நேரம் இருக்கும். மெஷினெல்லாம் இனிமேதான் ஓட்டணும். வால்வு கம்பெனியா? நல்ல வால்வும்மா, ஒரு சொட்டு ஒழுகல, ஒரு சத்தம் இல்ல."

"பிரஷர் மீட்டர் ஊசி எங்க நிக்குதுன்னு பாருங்க. கிட்டப் போகாதீங்க."

"கதவுக் கண்ணாடி வழியாவே தெரியுது. சிவப்புக் கோடு பத்துல. ஊசி... பத்தரையில."

பத்திலேயே ஊதியிருக்க வேண்டிய வால்வு.

"தானா அணைக்கற சுவிட்ச் இருக்குமே?"

"போன வாரம் கெட்டுப்போச்சு. அதான் புது வால்வு இருக்கேன்னு..."

"சரி. கரண்ட் பெட்டி எங்க?"

"கதவுக்கு வெளியே."

"பாய்லர் சுவிட்சை இறக்குங்க. உள்ள போகக்கூடாது, லீவரைத் தொடக்கூடாது. பக்கத்துல யார் இருக்காங்க?"

"எல்லாரும் சாப்பிட்டு உள்ள வந்துட்டிருக்காங்க."

"முதல்ல சுவிட்ச். அப்புறம் எல்லாரையும் தெருவுக்கு அனுப்புங்க. ஓட விடாதீங்க, நடக்கச் சொல்லுங்க. போனை வைக்காதீங்க."

ஏதோ டக்கென்று விழுந்தது. பிறகு அந்தப் பெண்ணின் குரல் தூரத்திலிருந்து, "கேள்வி கேக்காம நடங்கடி," என்றது. நிறையக் காலடிகள். ஒரு நாற்காலி கீழே விழுந்தது.

"எல்லாரும் தெருவுல இருக்கோம்மா. இங்கேருந்து ஜன்னல் வழியா ஊசி தெரியுது, கொஞ்சம் மங்கலா."

"எவ்வளவு?"

"பத்தேமுக்கால். ஏறியிருக்கு."

"அணைச்ச பிறகும் சூடு கொஞ்ச நேரம் ஏத்தும். பார்த்துக்கிட்டே இருங்க."

"நிக்குது." சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் போயிற்று. "நிக்குதும்மா... பத்தரை. பத்து." மூக்கை உறிஞ்சும் சத்தம். "ஒன்பது. நாங்க உள்ள போகலாமா? ஒருத்தி பையை விட்டுட்டு வந்துட்டா."

"பை எங்கேயும் போகாது. அப்படியே நில்லுங்க. போனை மட்டும் ஜன்னல் பக்கமா நீட்டுங்க."

"எதுக்கும்மா?"

"பாய்லர் அடங்கிடுச்சான்னு நான் கேக்கணும்," என்று சொல்லி அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.