மண் குடிக்காத தண்ணீர்

காரைக்குடி வெயிலில் உட்கார்ந்து பனிமலைக்கும் பாலம் வரைவது சத்தியப்பிரியாவின் பிழைப்பு. ஃப்ரிட்ஜுக்கு வெளியே அவள் பனிக்கட்டியைப் பார்த்ததில்லை. அது ஒரு குறையென்று கம்பெனியில் யாருக்கும் தோன்றவுமில்லை. இமயமலைச் சாலை ஒன்றின் அடியில் ஓடை கடந்துபோகக் குழாய்ப் பாலம் கேட்டார்கள், வரைந்து கொடுத்தாள். கல்லலில் சும்மா இருந்த சித்தி மகன் நாகநாதனையும் அங்கே மேற்பார்வை வேலைக்குச் சேர்த்துவிட்டாள்.

பாலம் முடிந்து, மார்ச்சில் ஒரு மத்தியானம் அவன் போனில் பேசினான்.

"அக்கா, போர்டு நட கடப்பாரை எறங்க மாட்டேங்குது. மண்ணு ஒரு முழத்துக்கு உறைஞ்சு கெடக்கு. தண்ணி ஊத்துனா அப்படியே வழிஞ்சு ஓடுது."

அவள் அந்தப் பாலத்துக்குப் போட்ட கணக்கை எடுத்துப் பார்த்தாள். பத்து வருஷமாக நம்மூர்ப் பாலங்களுக்குப் போடுகிற கணக்கு அது. பெய்கிற மழையில் பாதியை மண் குடித்துவிடும் என்று, கை பழகிய பழக்கத்தில் கழித்திருந்தாள். நம்மூர் செம்மண் குடிக்கும். உறைந்த தரை எங்கே குடிக்கும்? அதிலும் முன்பு பனியாக விழுந்ததெல்லாம் இப்போது அங்கே மழையாக விழுகிறது. அந்த மழை, கிடக்கிற பனியையும் கரைத்து இழுத்துக்கொண்டு வரும். அவள் போட்ட குழாய் எந்த மூலைக்கு?

மேனேஜர் தேனப்பனிடம் ஓடினாள்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சும்மா. இப்பப் போயித் தப்புன்னா கம்பெனிய மூடிட்டுப் போக வேண்டியதுதான். அடுத்த வருஷம் பாத்துக்கிருவோம்."

அவரை மீறி மேலே எழுதியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தாள். மழை வந்தால் மேட்டுக்கு ஏறிவிடு என்று தம்பியிடம் மட்டும் சொல்லிவைத்தாள்.

பத்தாம் நாள் பனிமேல் மழை கொட்டியது. "மேல ஏறிட்டேன்க்கா. கீழ ரெண்டு வீட்டுல ஆளுக இருக்காக, கூப்ட்டு வந்துர்றேன்" என்றான். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. குழாய் கொள்ளாத வெள்ளம் சாலைக்குப் பின்னால் தேங்கி, சாலையை உடைத்துக்கொண்டு இறங்கியிருந்தது. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

கல்லல் வீட்டில் சித்தி பொன்னுத்தாயி அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். "வேலைக்குச் சேத்துவிட்டமேன்னு மருகாத ஆத்தா. நீ பாலத்தை நல்லாத்தான் போட்டிருப்ப. வானம் பண்ணுனதுக்கு நீ என்ன செய்வ?"

மாலையோடு வந்திருந்த தேனப்பன் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் சத்தியப்பிரியா வாயைத் திறந்தாள்.

"ஆமா சித்தி" என்றாள்.