பாடாத ஒப்பாரி

பைப்படியில் சுந்தரம்மாள் குடத்தை வைத்ததும், அங்கே இருந்த இரண்டு பெண்கள் தங்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. பலாமரத்தூரில் வாரத்துக்கு மூன்று நாள்தான் தண்ணீர் வரும். பாதிக் குடத்தோடு வீட்டுக்குப் போகிற பெண்ணை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"இன்னாமே, நான் வந்தா தண்ணி கசக்குதா?" என்றாள் சுந்தரம்மாள்.

"இல்லக்கா. அடுப்புல உலை கீது," என்றாள் ஒருத்தி, திரும்பிப் பார்க்காமல். கொஞ்சம் தள்ளிப் போனதும் இன்னொருத்தி சொன்னது காதில் விழுந்தது. "வாடி சீக்கிரம். அவ வாயில நம்ம பேரு வந்துறப் போவுது."

சுந்தரம்மாளுக்கு வயது நாற்பத்தெட்டு. சாவு வீட்டில் ஒப்பாரி பாடுகிறவள். ஜவ்வாது மலையில் எந்த ஊரில் சாவு என்றாலும் அவளுக்கு ஆள் வரும். கீழே படவேடு, கணியம்பாடி பக்கத்து மேளக்காரர்களும் வண்டி வைத்துக் கூட்டிப் போவார்கள். அழுவதற்குக் கூலியா என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கிறவன் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் தெரியும். கண்ணீர் வராமல் கல்லாக உட்கார்ந்திருப்பவர்களை அழவைப்பது லேசான வேலை இல்லை.

போன உடனே அவள் பாட மாட்டாள். முதலில் அந்த வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து கேட்பாள். செத்தவர் என்ன பயிர் வைத்தார், எந்த மாட்டை ஆசையாக வளர்த்தார், பிள்ளைகள் யார் யார், கடைசியாக என்ன சாப்பிடக் கேட்டார். எல்லாம் கேட்டுக்கொண்டு பிறகுதான் வாயைத் திறப்பாள். இன்னொன்றும் உண்டு. உயிரோடு இருப்பவர் பேரைச் சொல்லி ஒப்பாரி பாடக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது. அது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில், பத்து நாளைக்கு முன்னால் எல்லார் செல்லிலும் ஓர் ஒப்பாரி வந்தது. குரல் சுந்தரம்மாளுடையது. பேர் தசரதக் கவுண்டருடையது. அவர் ஊர்ப் பெரியவர், உயிரோடு நடமாடுகிறவர். பாட்டு வந்த மூன்றாம் நாள், புளி உலுக்க மரம் ஏறியவர் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அறுபத்திரண்டு வயதில், பனி ஈரம் காயாத மரத்தில் ஏறினால் விழத்தான் செய்வார். ஊர் அப்படி நினைக்கவில்லை. சுந்தரம்மாள் பாடித்தான் விழுந்தார் என்றது.

நடந்தது வேறு. போன ஆவணியில் பிரகாஷ் என்று ஒருவன் வந்தான். வேலூர் பக்கத்து ஆள், சட்டை கசங்காதவன். இப்படிப்பட்டவன் மலை ஏறி வந்து வார்த்தைக்கு வார்த்தை 'அம்மா' போட்டாலே கொஞ்சம் எட்ட நிற்க வேண்டும். யார் நின்றார்கள்? "உங்க பாட்டை ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கறோம்மா, உலகமே கேக்கும்," என்றான். சுந்தரம்மாள் அவனோடு மலையடிவாரத்து அமிர்திக்குப் போனாள். சுவரெல்லாம் மெத்தை ஒட்டிய ஓர் அறையில் அவளை உட்கார வைத்தான்.

"நூறு பேரு எழுதி வெச்சிருக்கேன்மா. ஒவ்வொரு பேரா சொல்லி அழுதுடுங்க."

"உசுரோட கீறவங்க பேரா?"

"சும்மா பேருதாம்மா."

"பேருல இன்னா சும்மா? மாட்டேன்."

அவன் வற்புறுத்தவில்லை. அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். "சரிம்மா, பேரு வேணாம். செத்துப்போன உங்க நைனாவுக்கு அழுங்க. அப்புறம் மழை, சாமை, பஸ்ஸு, எதைப் பத்தினாலும் பேசிக்கினே இருங்க," என்றான். இரண்டு நாள் அழுதாள், பேசினாள். கடைசியில் நாலு பக்கக் காகிதத்தை நீட்டி, மைப்பெட்டியையும் எடுத்து வைத்தான்.

அந்த மைப்பெட்டிதான் அவளைக் குத்தியது. போன வருஷம் முதியோர் வகுப்பில் அவள் கையெழுத்துப் போடக் கற்றிருந்தாள். படிக்க வராது, பேர் மட்டும் எழுத வரும். "எனக்குக் கையெழுத்து வரும்," என்று பேனாவை வாங்கி நாலு பக்கத்திலும் போட்டாள். கைநாட்டு வைக்கிறவர்களாவது இது இன்னா பத்திரம் என்று பயந்து கேட்பார்கள். இவள் பெருமையில் கேட்கவில்லை.

அந்த இரண்டு நாள் பேச்சை வைத்து அவள் குரலை மெஷினுக்குப் பழக்கிவிட்டார்கள். இப்போது செல்லில் யார் பேரைத் தட்டினாலும் அது சுந்தரம்மாளாக அழும். தை மாதம் படவேட்டில் ஒரு சாவுக்குப் போனவளை வாசலிலேயே நிறுத்தினார்கள். "ஸ்பீக்கர்ல நீயேதான் பாடிக்கினு கீற. அப்புறம் நீ எதுக்கு?" என்றான் பந்தல்காரன். உள்ளே அவள் குரல் யாரையோ "ராசா, ராசா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து மலை ஏறிவிட்டாள்.

மகள் அன்பரசிதான் அந்த ஆப்பைச் செல்லில் தேடி எடுத்தாள். 'மலைவாசி ஒப்பாரி' என்று போட்டு, பக்கத்தில் ஒரு பொம்பளை படம். முகத்தில் கரி பூசி, தலையில் கோழி இறகு செருகி, கழுத்து நிறைய எலும்பு மாலை.

"யாருடி இவ?"

"நீதாம்மா. மெஷினு வரைஞ்சது."

"நம்ம ஊர்ல கோழிய அடிச்சா இறகைக் குப்பையிலதானே போடறோம்? தலையிலயா வெச்சிக்கினோம்?"

அன்பரசி பிரகாஷுக்கு போன் செய்தாள். அவன் குரலில் கொஞ்சமும் பதற்றம் இல்லை. "ரெண்டாம் பக்கத்துல இருக்குங்க. குரலை எப்படி வேணும்னாலும் பயன்படுத்திக்கலாம்னு அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. அதுல யாரு யாரு பேரைப் போடறாங்கன்றதுக்கு நாங்க பொறுப்பு இல்ல."

இந்த நிலையில்தான் தசரதக் கவுண்டர் பேரில் பாட்டு வந்து, அவர் மரத்திலிருந்தும் விழுந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முன்னால் ஊர் கூடியது. இனிமேல் எந்தச் சாவிலும் சுந்தரம்மாள் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லத்தான் கூடியது. மாவுக்கட்டுப் போட்ட காலோடு தசரதக் கவுண்டரை நாற்காலியில் தூக்கி வந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி ஜெயம்மாள். பின்னால் இளவரசன் நின்றான். அவன் கவுண்டரின் தம்பி மகன். அப்பன் ஆத்தா சீக்கிரம் போய்விட, இவர்கள் வீட்டில் வளர்ந்தவன்.

ஒருத்தர் செல்லில் பாட்டைப் போட்டார். கூட்டம் தலை குனிந்து கேட்டது. வெள்ளிக் கட்டில் என்றது, தங்கத் தேர் என்றது. கவுண்டர் பேர் நாலு தடவை வந்தது. முடிந்ததும் எல்லாரும் சுந்தரம்மாளைப் பார்த்தார்கள்.

"என் தொண்டைதான்," என்றாள் அவள்.

"ஒத்துக்கினா பாரு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தொண்டைன்னுதான் ஒத்துக்கினேன். பாட்டுன்னு ஒத்துக்கல. அந்த நடுவுல வர்றதை இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டார்கள். 'பெத்தெடுத்த மூணு புள்ள பின்னால கதறுதய்யா' என்று வந்தது.

கவுண்டருக்குப் பிள்ளை கிடையாது. முப்பது வருஷமாக அந்தப் பேச்சை அவர் எதிரில் எடுத்தவர் யாரும் இல்லை. சுந்தரம்மாளும் அதற்கு மேல் சொல்லவில்லை. அவர்கள் மனசு நோகும் என்று நிறுத்திக்கொண்டாள்.

ஜெயம்மாள்தான் பேசினாள். "எத்தினி கோயில் சுத்துனேன், எத்தினி வேரு அரைச்சுக் குடிச்சேன்னு கூடவே இருந்து பார்த்தவ சுந்தரம்மா. அவ பாடினா மூணு புள்ளன்னு பாடுவாளா? இது எங்களைத் தெரியாதது எதுவோ பாடினது. எனக்கு மூணு இல்ல. தூக்கி வளத்த ஒண்ணுதான். இதோ பின்னால நிக்குது."

"அதைத்தான் பாடியிருப்பேன்," என்றாள் சுந்தரம்மாள். "இவனுக்கு அம்மை போட்டப்ப, தோள்ல போட்டுக்கினு கவுண்டரு ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தாரே, அதை..." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "வேணாம். உசுரோட கீறவரு."

இளவரசன் முன்னால் வந்து நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்தான். "பெரிப்பா, நான்தான். புளிய மரத்தைக் குத்தகைக்கு விட்டு பைக் வாங்கித் தரமாட்டேன்னீங்களே, அந்தக் கடுப்பு. ஃபிரெண்டுங்க நாலு பேரு சிரிக்கத்தான் போட்டேன். ஊரெல்லாம் போவும்னு தெரியாது."

"ஒரு வாரமா இவளைக் கண்டா ஊரே ஒதுங்குது. நீ பார்த்துக்கினுதானே இருந்த?" என்றார் கவுண்டர்.

இளவரசன் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டான்.

"என் பேரைத் தட்டும்போது கை கூசலியாடா?"

"பட்டனுதானே பெரிப்பா..."

கவுண்டருக்கு அடிக்கவும் தெம்பில்லை, திட்டவும் தெம்பில்லை. "நம்ம ஊரு சாவுக்கு அந்த ஸ்பீக்கரு வரக் கூடாது. சுந்தரம்மா மேல எந்தத் தப்பும் இல்ல," என்று மட்டும் சொன்னார். பைப்படியிலிருந்து பாதிக் குடத்தோடு போன இரண்டு பெண்களும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த பிரகாஷை இன்னா பண்றது?" என்று ஒருத்தர் கேட்டார்.

"போலீஸ் ஸ்டேஷன்ல மனு குடுத்துட்டு வந்தேன். பாக்கலாம்னு சொன்னாங்க," என்றாள் அன்பரசி. பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

சுந்தரம்மாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். ஜெயித்தவள் முகம் இல்லை அது. இரண்டு சாவுக்குத் தொடர்ந்து பாடி வந்தவள் முகம் மாதிரி இருந்தது.

"தம்பி, நீ செஞ்சது தப்பு. நான் செஞ்சதும் தப்பு," என்றாள். "பாடறவங்க, ஆடறவங்க, மேளம் அடிக்கிறவங்க எல்லாருக்கும் சொல்றேன். உங்க குரலும் மூஞ்சியும் உங்க நிலம் மாதிரி. இன்னா எழுதிக்கீதுன்னு நாலு பேரைப் படிக்கச் சொல்லிக் கேக்காம ஒரு காகிதத்துலயும் கை வெக்காதீங்க. என்னை மாதிரி பெருமைக்குப் போட்டுட்டு வராதீங்க. செல்லு வெச்சிருக்கறவங்களும் கேட்டுக்கங்க. அடுத்தவ குரலை எடுத்து வெளையாடறதுக்கு முன்னாடி அவளை ஒரு வார்த்தை கேளுங்க. அவளும் உசுரோடதான் கீறா."