தெருவைவிட நீண்ட வண்டி

நல்லம்பள்ளிப் பக்கத்துச் சவரிமுத்து வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள், அவன் அவமானப்படும்போதெல்லாம் ஒரு சாண் நீண்டது. வாங்கும்போதே அது நீள வண்டிதான். பெங்களூர்ப் பணக்காரப் பிள்ளை ஒருவன் ஆசைப்பட்டான் என்று தர்மபுரி மெக்கானிக் கவுஸ் பாஷா ஒரு புல்லட்டை அறுத்து, முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பிகளை நீட்டி, கிடாக்கொம்பு மாதிரி ஹேண்டில்பாரும் சாய்ந்து உட்காரச் சீட்டும் வைத்துக் கொடுத்திருந்தார். அந்தப் பிள்ளைக்கு அலுத்துப்போய் வண்டி பட்டறைக்கே திரும்பித் தூசியில் கிடந்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்த சவரிமுத்து 1983இல், ஈஸ்டருக்கு மறுநாள் அதை வாங்கினான். மனைவி இன்னாசியம்மாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டான்.

தார் ரோட்டிலிருந்து அவர்கள் காலனிக்குப் போக ஊர்ப் பெரியதனக்காரர் வெங்கடாசலத்தின் தெரு ஒன்றுதான் வழி. அந்தத் தெருவில் காலனிக்காரர்கள் சைக்கிளைக்கூட இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்த வெங்கடாசலம் எச்சிலைத் துப்பிவிட்டு, "எறங்குடா" என்றார். சவரிமுத்து இறங்கினான். இன்னாசியம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"தள்ளிக்கிட்டு வர்றதுக்கு எதுக்கு மோட்டாரு? ஒரு எருமைய வாங்கியிருந்தா பாலாச்சும் கறந்திருக்கும்."

அன்று மாலையே முன்கம்பி ஒரு சாண் நீண்டிருந்தது. தினமும் தள்ளினான், தினமும் நீண்டது. பார்க்க வந்த கவுஸ் பாஷா, "நான் வச்ச கம்பி இதுல கொஞ்சந்தாங்க. மிச்சம் எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். அடுத்த வருடம் முன்சக்கரம் காலனி வேலியைத் தாண்டியது. அதற்கடுத்த வருடம் வெங்கடாசலத்தின் வாசலைத் தாண்டியது. அவர் ஆள் வைத்து அறுத்துப் பார்த்தார். ரம்பத்தின் பற்கள்தான் மழுங்கின. அறுத்தவன் கை கொப்பளித்தது. 1986 மழைக்காலத்தில், பின்சக்கரம் சவரிமுத்து வீட்டு வாசலில் இருக்க, முன்சக்கரம் தார் ரோட்டில் நின்றது.

அப்போதும் சவரிமுத்து பழக்கதோஷத்தில் தள்ளத்தான் குனிந்தான். இன்னாசியம்மாள் முந்திக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னிக்கி நீ தள்ளுனியின்னா, இந்த வூட்டுல எனக்குச் சோறு தண்ணி கெடையாது."

அவன் ஏறி உதைத்தான். சத்தம் கேட்டு வெங்கடாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "எறங்குங்கடா! எங்க தெருவுடா இது!"

மூன்று வருடமாக அவள் பல்லுக்குள் மென்றுகொண்டிருந்தது அப்போது வெளியே வந்தது. "சக்கரம் கவர்மெண்டு ரோட்டுல நிக்குது. நாங்க எங்க வாசல்ல உக்காந்திருக்கோம். எந்த எடத்துல எறங்கறது? நீயே சொல்லுய்யா!"

அந்த ஊரில் யாரும் அவரை 'நீ' என்று சொன்னதில்லை. வண்டி நகர்ந்தது. தெரு முழுக்கக் கம்பி ஓடிக்கொண்டிருந்ததால் குறுக்கே வந்து மறிக்க ஒருவருக்கும் இடமில்லை. இருவரும் உட்கார்ந்தபடியே தெருவைக் கடந்தார்கள். இன்னாசியம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை நாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததுதான் நினைவுக்கு வந்தது.

வளைவில் அது எப்படித் திரும்புகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், பொம்மிடியில் ரயில் திரும்பவில்லையா என்று ஊரார் கேட்டார்கள். பஸ்காரர்கள் முன்சக்கரத்துக்கு ஒதுங்கி நிறுத்தப் பழகினார்கள். தெருப் பெண்கள் வெயிலில் காயும் கம்பியில் துணி உலர்த்தினார்கள். காலையில் வெங்கடாசலத்தின் மனைவி சென்னம்மாள் காலனி வேலியோரம் வந்து நின்று கேட்பார்:

"வண்டி எப்பங்க எடுப்பீங்க? துணிய எடுத்துக்கறேன்."

இன்னாசியம்மாள் திரும்பிப் பார்க்காமல் சொல்வாள்: "இப்ப."