எமகண்டத்தில் கப்பலேற்றம்

ஸ்ரீவைகுண்டத்து இசக்கியப்பனுக்கு வயல் வேலையைவிடக் காலண்டர் வேலைதான் அதிகம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். அது முழுப் பொய்யுமில்லை. உரக்கடைக்குப் போவதென்றாலும் ராகு காலம், எமகண்டம் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். கெட்ட நேரத்தில் கிளம்பியே ஆகவேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். முந்தின நல்ல நேரத்திலேயே ஒரு பையைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் வைத்துவிடுவார். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எப்போது வேண்டுமானாலும் படியிறங்கலாம். எமனை ஏமாற்ற இதைவிடச் சுளுவான வழி உண்டா?

அப்பேர்ப்பட்ட மனிதர் அந்தச் சனிக்கிழமை, சம்சாரம் அருணாசலவடிவோடு தூத்துக்குடி ஹார்பர் வாசலில் வெள்ளத்துரையின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதிலுக்கு மேலே சுற்றுலாக் கப்பல் வெள்ளை வெளேரென்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் சண்முகசுந்தரி எடுத்துக் கொடுத்த பயணம். கடலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுச் செவ்வாய்க்கிழமை இதே இடத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். வடிவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு காரியத்துக்கு அவள் இப்படிச் சின்னப் பிள்ளை மாதிரி ஆசைப்பட்டதில்லை.

கப்பலேறுவதற்கு ஆளாளுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மகள் போனில் எந்த நேரம் வேண்டும் என்று கேட்டபோது, காலண்டரைப் புரட்டி, ஒன்றரையிலிருந்து மூன்று என்று அடித்துச் சொன்னவர் இசக்கியப்பன்தான். அப்போது கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்புவதாக இருந்தது. பிறகு கடல் சரியில்லை என்று பயணத்தை மறுநாளைக்குத் தள்ளிவிட்டார்கள். நாள் மாறியது, ஒதுக்கின நேரம் மாறவில்லை. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்ப நேரம் பார்த்த மனிதர், கப்பலேறும் நேரத்தைத் திரும்பப் பார்க்கவில்லை. தான் பார்த்துக் கொடுத்த நேரமாயிற்றே என்ற மிதப்பு. டீக்கடைச் சுவரில் தொங்கிய காலண்டரைத் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தபோதுதான் வாய்க்குப் போன வடை பாதியில் நின்றது.

"ஏளா, மோசம் போயிட்டம்ளா. ஒன்றர டூ மூணு, எமகண்டம்!"

விழுந்தடித்துக்கொண்டு பயணிகள் வாசலுக்கு ஓடினார். வடிவு பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். வாசலில் கம்பெனிக் கோட்டு போட்ட பெண் நின்றிருந்தாள். எஸ்றா என்று பேர் குத்தியிருந்தது.

"முன்னாடியே ஏத்தி விடு தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"முடியாது அண்ணாச்சி. முந்தின நேரம் பூரா ஆள் நெறஞ்சிட்டு. ஒங்க நேரத்துக்கு வாங்க. மூணு அடிச்சா கேட்ட அடைச்சிருவோம், அப்புறம் யாரு வந்தாலும் தெறக்க மாட்டாங்க. பெட்டிய வேணும்னா இப்பமே வாங்கிக்கிடுதோம்."

இருவருக்கும் சேர்த்து ஒரே பெட்டிதான். அதை வாங்கி உள்ளே உருட்டிக்கொண்டு போனார்கள். வடிவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? பெட்டி நல்ல நேரத்துல கப்பலேறிட்டு. பரஸ்தானம் ஆயிட்டு. இனி நாம எப்ப ஏறுனா என்ன?"

இசக்கியப்பன் யோசித்தார். அவருடைய ஆயுதத்தையே எடுத்து அவர்மேல் வீசினால் என்ன செய்வார், பாவம். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அது வாசப்படி தாண்டதுக்குளா. தண்ணி தாண்டதுக்குச் செல்லாது."

"எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கு?"

"போடாட்டா என்ன, எனக்குத் தெரியாதா?"

டீக்கடைக்குத் திரும்பி வந்ததும் ஒரு திட்டம் சொன்னார். மூன்று மணிக்கு எமகண்டம் முடிகிறது. மூன்று மணிக்குத்தான் கேட்டையும் அடைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இருக்குமல்லவா, அந்த மயிரிழையில் காலை உள்ளே வைத்துவிட வேண்டியது. இதைக் கேட்டு வெள்ளத்துரை டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"அண்ணாச்சி, கேட்டுக்காரனுக்கும் ஒங்களுக்கும் ஒரே கடியாரமா?"

"நீரு டீய ஆத்தும்" என்றார் இசக்கியப்பன்.

வடிவு சிரிக்கவில்லை. கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தாள். தனக்கு வந்திருப்பது கோபம்தான் என்று தெரிந்துகொள்ளவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பல வருஷமாக உள்ளே கிடந்த கோபம்.

"கயத்தாத்துல எங்கம்மைக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குன்னு போன் வந்திச்சே, அன்னைக்கும் எமகண்டம்தான்" என்றாள்.

இசக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாசல்ல காரு நிக்கி. நான் சேலைய மாத்திட்டு நிக்கேன். பை எடுத்து வைக்கக்கூட நேரமில்ல. நீங்க நடுவீட்டுல உக்காந்து கடியாரத்தப் பாக்கீய. ‘கெட்ட நேரத்துல போனா அத்தைக்குத்தான் ஆவாது’ன்னீய. நல்ல நேரம் பாத்துத்தான் போனோம். போய் எறங்கும்போது வாய்க்கட்டு கட்டிக் கெடத்தியிருந்தாங்க. ‘வடிவு வந்துட்டாளா, வடிவு வந்துட்டாளா’ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாளாம். என் தம்பி சொன்னான். அத ஒங்ககிட்ட இன்னைக்கு வரைக்கும் நான் சொல்லல."

"வடிவு..."

"ஒங்க மேல தப்புன்னு சொல்லல. நானும்தான உக்காந்திருந்தேன்? எந்திரிச்சுப் போயிருக்கலாம்ல? எனக்குக் காலு இல்லையா? அதுதான் எனக்கு ஆறல. இன்னைக்கு உக்கார மாட்டேன். எமகண்டமோ எமனோ, நான் போறேன். வாங்க."

அவர் வரவில்லை. எழுந்தார், வேட்டியை இறுக்கிக் கட்டினார், திரும்ப உட்கார்ந்தார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அறுபது வருஷப் பயம் ஒரு பேச்சில் போய்விடுமா? வடிவு ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு தன் டிக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அவருடையதை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டு நடந்தாள்.

எமகண்டம் அப்போதுதான் பிறந்திருந்தது. எஸ்றா டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி வரலயாம்மா?"

"வருவாவ" என்றாள் வடிவு. அப்படிச் சொல்லும்போது நம்பித்தான் சொன்னாள்.

கப்பலுக்குச் சாய்த்துப் போட்டிருந்த பாலத்துக்கு வந்தாள். பயம் அவளுக்கும் இல்லாமலில்லை. ஒரே வீட்டில் ஒரே காலண்டரைப் பார்த்தவள்தானே? கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேல்தட்டுக்கு வந்து கரைப்பக்கம் நின்றால் வாசல் நன்றாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் உப்பளமும் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளும். எல்லாரும் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றை நெருங்கும்போது இசக்கியப்பன் வந்தார். வடிவுக்கு உயிர் வந்தது. வேகமாகத்தான் வந்தார். ஆனால் வாசலுக்கு ஒரு முழம் முன்னால் சட்டென்று நின்று, மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தார். எஸ்றா உள்ளேயிருந்து கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். அவர் ஒரு விரலைக் காட்டினார், ஒரு நிமிஷம் என்று.

"வாங்களேன்! உள்ள வாங்களேன்!" என்று வடிவு மேலேயிருந்து கத்தினாள். காற்று அதைக் கடல் பக்கம் அள்ளிக்கொண்டு போனது.

காவலாளி கேட்டை இழுத்து அடைத்தான். அதே நொடி இசக்கியப்பன் வலது காலை எடுத்து முன்னால் வைத்தார். கால் இரும்பில் இடித்தது.

எஸ்றா கேட்டுக் கம்பி வழியாக அவரிடம் ஏதோ பேசினாள். பிறகு வடிவின் கைப்பேசி அடித்தது.

"ஏளா, அடைச்சிட்டாம்ளா."

"பாத்துக்கிட்டுத்தான் நிக்கேன்."

"கெஞ்சிப் பாத்தேன். முடியவே முடியாதுங்கான். கப்பல்ல இருக்கவங்க எறங்கணும்னா இப்பம் எறங்கலாமாம், அந்தப் பிள்ள சொல்லுது." கொஞ்சம் நிறுத்தினார். "எறங்கி வாரியா?"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது வடிவுக்கு. அவர் அங்கே ஒற்றையாளாக வெயிலில் நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் இறங்கிவிடலாம் போலத்தான் இருந்தது. இறங்கினால் அவர் சந்தோஷப்படுவார், ராத்திரி இரண்டு பேரும் வீட்டில் சோறு தின்பார்கள். அவள் மறுபடியும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

"இல்ல. எறங்க மாட்டேன்."

கீழே அவர் அண்ணாந்து கப்பலைப் பார்த்தார். இத்தனை பேரில் அவள் எங்கே நிற்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. வடிவு முந்தானையை எடுத்து வீசினாள். பார்த்துவிட்டார், கையைத் தூக்கினார்.

"என் சட்டையெல்லாம் பெட்டியில போயிட்டே?"

"என்ன செய்யச் சொல்லுதீங்க? எறக்கி அனுப்பவா?"

"வேண்டாம். அது நல்ல நேரத்துல ஏறுனது. போயிட்டு வரட்டும்."

அழுகைக்கு நடுவில் வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"செவ்வாக்கெழம எத்தன மணிக்குக் கப்பல் வருது?" என்றார்.

"காலையிலன்னாங்க. அன்னைக்குக் காலையில எமகண்டம்லா?"

 போனில் லாரி ஒன்று போகும் இரைச்சல் கேட்டது.

"நீ எறங்கும்போது நான் இங்கன நிப்பேன்ளா" என்றார் இசக்கியப்பன். "எந்த நேரமா இருந்தாலும்."

"சரி. இப்பம் வெயில்ல நிக்காதீங்க. போய்ச் சாப்பிடுங்க" என்றாள் வடிவு. போனை வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடல் தெரியும் பக்கமாகப் போய் நின்றாள்.